அப்பா கேட்க வருவது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா முகம் சுளிக்காமல் மருந்து சாப்பிடுகிறாரா? எனக்குச் சளி மட்டும் விட்டபாடில்லை.

கல்லூரியில் பேச்சுப் பயிற்சி வகுப்பு எடுப்பதோடு, பேச்சுப் பயிற்சியாளர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் குழுவிலும் என்னைப் போட்டிருக்கிறார்கள். நேற்று திக்கிப் பேசும் ஒருவர் வந்தார். தன்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடாமல் பயிற்சியாளரே முடித்துவிடுகிறார் என்பது அவர் புகார். அவர் வாயைத் திறந்ததும் எங்கள் தலைவர் மீதியைச் சொல்லிவிட்டார்.

"ஐயா, நீ... நீங்களும் அதையேதானே பண்றீங்க?" என்றார் அவர்.

புகாருக்கு ஆளான பயிற்சியாளர் பெண்ணே சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும் காத்திருந்தோம். மனிதர் அருமையாகப் பேசினார். அவளுடைய உரிமத்தைப் பறிக்கவில்லை. கொஞ்ச காலம் என்னிடம் பயிற்சி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோபித்துக்கொள்ளாதே அம்மா. பக்கவாதம் வந்ததிலிருந்து, அப்பா போனில் வாயெடுத்தாலே "சாப்பிட்டியான்னு கேக்குறார்டி" என்று நீ முடித்துவிடுகிறாய். இந்த ஞாயிறு போனை அவரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடு. போன வாரம் "பாப்" வரை வந்துவிட்டாரே! எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே எனக்குப் பேச வேறு யார்?

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அவர் கேட்க வருவது சாப்பாட்டைப் பற்றித்தானா என்று நமக்கு எப்படித் தெரியும்?

உன்,
பாப்பா