விட்டுக்கொடுத்த ஆட்டம்

செப்டம்பர் 6, புதன்

தலைமையாசிரியை இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக என்னைக் கூப்பிட்டு ஓர் அட்டைப்பெட்டியைக் கையில் திணித்தார். பகடை, எண் அட்டை, பிளாஸ்டிக் முக்கோணம். "இனிமே கணக்கு வகுப்புல வாரத்துக்கு ரெண்டு பீரியட் விளையாட்டு, புதிர். பிள்ளைங்க பயம் போகணும் டீச்சர்." சரி என்றேன். இருபத்தாறு வருடமாகப் பலகையில் எழுதி எழுதித் தோள் இறங்கிப்போனவளுக்கு இப்போது பகடை. என் தொண்டைக்கும் முழங்காலுக்கும் யாராவது ஒரு பயிற்சி வைத்தால் தேவலை.

ஒன்பதாம் வகுப்பு 'டி' பிரிவு. முப்பத்து நான்கு பேர். அதில் பதினோரு பேர் போன தேர்வில் பத்து மார்க்கைத் தாண்டவில்லை. அக்டோபர் தேர்வில் முப்பத்தைந்து வாங்காதவர்களைக் கணக்கு இல்லாத பிரிவுக்கு மாற்றப்போகிறார்கள். மாறினால் மாறினதுதான். அப்புறம் நர்சிங், பாலிடெக்னிக் எதற்கும் விண்ணப்பம்கூட வாங்க முடியாது. அந்தப் பட்டியலை எழுதிக் கொடுக்க வேண்டியவள் நான்.

செப்டம்பர் 8, வெள்ளி

இரண்டு பகடையை உருட்டிப் பெருக்கிச் சொல்ல வேண்டும். ஐந்தாவது நிமிடம் ஒரு பகடையைக் காணோம். பத்தாவது நிமிடம் அது யார் சட்டைப்பையில் என்று அடிதடி. பக்கத்து வகுப்பு அறிவியல் சார் எட்டிப் பார்த்தார். "டீச்சர், உள்ள பாடம் நடக்குதா, ஏலம் நடக்குதா?"

அசடு வழிந்தேன். வேறென்ன செய்வது.

செப்டம்பர் 11, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வருகிறது. அப்படியும் ஐந்து பீரியட்.

செப்டம்பர் 13, புதன்

குரல் இல்லாததால்தான் இது தோன்றியது. மேஜை மேல் இருபத்தொரு தீக்குச்சி. இரண்டு பேர் மாறி மாறி எடுக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ. கடைசிக் குச்சியை எடுப்பவருக்கு வெற்றி. வாயே திறக்க வேண்டாம். வரிசையாக வந்தார்கள், வரிசையாகத் தோற்றார்கள். எதிராளிக்கு எப்போதும் நான்கின் மடங்கை மிச்சம் வைத்தால் போதும், ஜெயிப்பது நாம்தான். அதை நான் சொல்லவில்லை. மணி அடித்ததும் "அய்யோ" என்றார்கள். என் வகுப்பில் மணிக்கு "அய்யோ" கேட்டது எப்போது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் தூங்கிவிட்டேன். ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தேன்.

செப்டம்பர் 18, திங்கள்

மதியம் டப்பாவைத் திறக்கும்போது எதிரே ஒரு நிழல். கடைசி பெஞ்சில் சன்னலோரம் உட்கார்கிற பெண். நான் மனசுக்குள் வைத்த பெயர் சன்னல்காரி. பதினோரு பேரில் அவள்தான் கடைசி, ஏழு மார்க். விடைத்தாளில் கோடு மட்டும் அழகாகப் போட்டிருப்பாள், கோட்டுக்குள் ஒன்றும் இருக்காது. பள்ளி திறந்து இத்தனை மாதத்தில் அவள் குரலை இன்றுதான் கேட்டேன்.

"இன்னொரு தடவ ஆடலாமா டீச்சர்?"

ஆடினோம். தோற்றாள். நாளைக்கும் வரலாமா என்று கேட்டாள். வா என்றேன்.

செப்டம்பர் 21, வியாழன்

நாலு நாளாக வருகிறாள், நாலு நாளாகத் தோற்கிறாள். இன்றைக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. எங்கே நாளைக்கு வராமல் இருந்துவிடுவாளோ என்று... ஆறு குச்சி மிச்சம் இருந்தது. இரண்டை எடுத்து நாலை அவளுக்கு விட்டிருக்க வேண்டும். நான் மூன்றை எடுத்தேன். மிச்சம் மூன்றையும் அள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் களைப்பெல்லாம் போன மாதிரி இருந்தது.

செப்டம்பர் 25, திங்கள்

இன்னும் இரண்டு தடவை விட்டுக்கொடுத்தேன். பலன் கைமேல். இன்று வகுப்பில் அவளாகவே எழுந்து வந்து பலகையில் ஒரு சமன்பாட்டைப் போட்டாள். பாதி தப்பு. இருந்தாலும் வந்தாளே! வகுப்பு அவளை 'சாம்பியன்' என்கிறது. தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நான் சொல்லல?" என்றார். நானும் தலையை ஆட்டினேன். ஏதோ பெரிய வித்தைக்காரி என்ற நினைப்பு எனக்கு.

செப்டம்பர் 27, புதன்

எல்லாம் போச்சு.

வகுப்பில் ஒரு வாயாடிப் பையன் உண்டு. அவனும் பதினோரு பேரில் ஒருவன். "டீச்சரையே ஜெயிச்சவ, என்கூட ஆடு பாப்போம்" என்றான். ஆடினாள். நாலு ஆட்டம், நாலும் தோல்வி. அவனுக்கும் ரகசியம் தெரியாது, குருட்டாம்போக்கில் ஜெயித்தான். வகுப்பே சிரித்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

மணி அடித்த பிறகு வந்தாள். "நீங்க வேணும்னே தோத்தீங்களா டீச்சர்?"

"சேச்சே, இல்லம்மா."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் தானாக வந்தது. நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனாள். நம்பவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

செப்டம்பர் 29, வெள்ளி

மதியம் வரவில்லை. வகுப்பில் நோட்டைத் திறக்கவே இல்லை. 'ஒரு எண்ணை நினைத்துக்கொள், இரண்டால் பெருக்கு, ஏழைக் கூட்டு' என்று சமன்பாட்டைப் புதிராக்கிச் சொன்னேன். மற்றவர்கள் கத்தினார்கள். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்டோபர் 3, செவ்வாய்

அவள் அம்மா வந்திருந்தார். ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறவர். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. "தேர்வெல்லாம் வேணாம், கணக்கில்லாத பிரிவுல இப்பவே போட்டுடச் சொல்றா டீச்சர். கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன்." கடிதத்தை நீட்டினார்.

தேர்வு வரைக்கும் பொறுங்கள் என்றேன். ஏதேதோ சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. "ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு வீட்ல ஒரு வாரம் குதிச்சா. அப்புறம் ஒரு நாள் வந்து படுத்துக்கிட்டா. எங்களால சொல்லிக்குடுக்க முடியாது டீச்சர். ஆனா அவள நாங்க யாரும் ஏமாத்தினதில்ல."

தேர்வு முடியட்டும் என்று கடிதத்தை என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். "ஆமா, வேணும்னுதான் தோத்தேன்னு சொல்லிட்டுப் போயேன். நீ மன்னிப்புக் கேட்டா பள்ளிக்கூடம் இடிஞ்சா விழும்?" இவருக்கென்ன, தபால் நிலையத்தில் ஸ்டாம்பு கொடுக்கிறார். முப்பத்து நான்கு ஜோடிக் கண்ணுக்கு முன்னால் நிற்பது நான்.

ஆனால் அவளும் அந்தக் கண்களுக்கு முன்னால்தானே நின்றாள்.

அக்டோபர் 4, புதன்

சொல்லிவிட்டேன். வகுப்பு முழுக்க இருக்கும்போதே. "நான் வேணும்னேதான் தோத்தேன். அவ கேட்டப்போ இல்லன்னும் சொன்னேன். ரெண்டும் என் தப்பு." வாயாடி கையைத் தூக்கினான். "அப்ப என்கிட்ட தோத்தீங்களே டீச்சர், அது?" "உன்கிட்ட நான் எப்படா தோத்தேன்?" எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியே போய்விட்டாள்.

சொன்னதில் பாரம் ஒன்றும் இறங்கவில்லை. கால் வலிதான்.

அக்டோபர் 5, வியாழன்

வந்தாள். அவளே ஒரு தீப்பெட்டி கொண்டுவந்திருந்தாள். இருபத்தொன்றை எண்ணி வைத்தாள். "நிஜமா ஆடுங்க."

ஒன்பது ஆட்டம். ஒன்பதிலும் அடித்தேன். பாவம் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றும்போதெல்லாம் அவள் அம்மாவின் அடையாள அட்டை கண்ணில் ஆடியது. ஒவ்வொரு தோல்வியையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு குறிப்பு கொடுக்கலாமா என்று வாயைத் திறந்தேன். "சொல்லாதீங்க" என்றாள்.

அக்டோபர் 10, செவ்வாய்

முப்பத்தெட்டுத் தோல்வி. தினம் மதியச் சாப்பாட்டை ஸ்டாஃப் ரூமில் நின்றுகொண்டே முழுங்குகிறேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

அக்டோபர் 12, வியாழன்

"என் கைக்கு நாலு குச்சி வந்தா நான் காலி" என்றாள், பாதி எனக்கு, பாதி தனக்கு. நோட்டைப் புரட்டினாள். "எட்டு வந்தாலும் காலி."  நான் அடுத்த ஆட்டத்துக்குக் குச்சியை எண்ணி வைத்தேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

அவள் முறை. முதலில் ஒரே ஒரு குச்சியை எடுத்தாள். என் முன்னால் இருபது. என்ன எடுத்தாலும் அவள் மீதியை எடுத்து நாலாக்கினாள். நான் இரண்டு, அவள் இரண்டு. நான் மூன்று, அவள் ஒன்று. தப்பிக்க வழி தேடினேன், நிஜமாகவே தேடினேன். வழி இல்லை. தோற்றேன்.

"இது நிஜமா?"

"நிஜம்தான். எரிச்சலா வருது எனக்கு."

அந்த எரிச்சலைப் பார்த்துத்தான் நம்பினாள் போலிருக்கிறது. பிறகு வகுப்பில், ஐம்பது குச்சி இருந்தால் என்று கேட்டேன். "நாலு நாலாப் பிரிச்சா ரெண்டு மிச்சம். அந்த ரெண்ட மொதல்ல எடுக்கணும்." மூன்றுக்குப் பதில் நாலு வரை எடுக்கலாம் என்றால்? கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அஞ்சஞ்சா" என்றாள். வாயாடி நோட்டை எடுத்துக்கொண்டு அவள் பெஞ்சுக்கே போய்விட்டான்.

அக்டோபர் 27, வெள்ளி

தேர்வு முடிந்து திருத்தினேன். அதே பதினோரு பேர்தான் முப்பத்தைந்தைத் தொடவில்லை. அவளுக்கு முப்பத்தொன்று.

ஏழிலிருந்து முப்பத்தொன்று. ஆனால் வேண்டியது முப்பத்தைந்து. நாலு மார்க்! சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஆறாவது கணக்கில் ஒன்று, வரைபடத்தில் ஒன்று, அங்கே இங்கே என்று தேற்றிவிடலாம். தலைமையாசிரியையே சொன்னார். "எல்லாரும் போடறதுதான டீச்சர், போட்டுவிடுங்க. வீணா எதுக்கு உயிர விடுறீங்க?"

போட்டால் பிழைத்துவிடுவாள். அவளுக்குத் தெரியவே தெரியாது.

தெரியும். ஒவ்வொரு கணக்காகக் கூட்டிப் பார்ப்பாள், எனக்குத் தெரியாதா அவளை.

முப்பத்தொன்று என்றே போட்டேன். 

அக்டோபர் 30, திங்கள்

தலைமையாசிரியையிடம் மறுதேர்வு கேட்டேன். "ஒருத்திக்காக வைக்க முடியாது. வச்சா பதினோரு பேருக்கும் வைக்கணும். கேள்வித்தாள் நீங்க தயாரிக்கணும், சனி ஞாயிறு வரணும்." பேசிக்கொண்டிருக்கும்போதே முழங்கால் விண் விண் என்றது. சரி என்றேன். நல்லவள் என்று இல்லை. மறுத்துப் பேசத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

அவளிடம் தாளைக் கொடுத்தேன். கூட்டிப் பார்த்தாள், நினைத்த மாதிரியே. அழவில்லை. "மறுதேர்வு என்னிக்கு டீச்சர்?"

நவம்பர் 5, ஞாயிறு

பதினோரு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். மறைந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கும் அட்டை, காகிதத்தை மடித்துக் கோணம் பார்ப்பது, நடுநடுவே தீக்குச்சி. அவள் ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரையும் தோற்கடிக்கிறாள். ரகசியத்தை யாருக்கும் சொல்லவில்லை, கேட்டால், தோத்தத நோட்டுல எழுது என்கிறாள். நான் நாற்காலியில் சாய்ந்து பத்து நிமிடம் கண்ணை மூடினேன். யாரும் எழுப்பவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

மறுதேர்வு முடிந்தது. தாள் கட்டை எடுத்துக்கொண்டு அறிவியல் சாரிடம் போனேன். இந்தப் பள்ளியில் அரை மார்க்கைக்கூடச் சும்மா போடக் கை வராத மனிதர் அவர் ஒருவர்தான். "சார், இத நீங்க திருத்தித் தரணும்."

"ஏன் டீச்சர், உங்க பேனா தீந்துபோச்சா?"

"என் கைய நான் நம்பல சார்."

நக்கல் ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

நவம்பர் 16, வியாழன்

மூன்று பேர் தேறினார்கள், அவளும் அதில் ஒருத்தி. மூன்றாவது ஆள் வாயாடி, சரியாக முப்பத்தைந்து, அதைச் சொல்லிக்கொண்டே வராந்தா முழுக்க ஓடினான். மீதி எட்டுப் பேரின் பெயரை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டு. ஒவ்வொரு பெயருக்கும் முகம் இருக்கிறது. மனசு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

தாள்களைக் கொடுக்கும்போது அவள் தன்னுடையதை மடித்தபடியே வாங்கினாள். பிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"யார் திருத்தினது டீச்சர்?"

சுருக்கென்றது. கேட்க வேண்டிய கேள்விதான்.

"அறிவியல் சார்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் தாளைப் பிரித்தாள்.