மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்த வருஷம்

18 ஜனவரி 2025, சனி

காலை ஷிப்ட். வேலை முடிந்து ஊருக்கு, லூனாஸ் வந்து சேரும்போதே மழை. அப்பாவை டயாலிசிஸிலிருந்து அழைத்து வந்து கஞ்சி கொடுத்தேன். வானம் முழுக்க மேகம், நட்சத்திரப் படம் எடுக்கும் கேமராவைத் தொடவே இல்லை.

பெக்டரியில் புது மெஷின் வந்து இறங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் எங்கள் பகுதி மூலையில் நிற்கிறது. நாங்கள் பதினாறு பெண்கள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து சிப்புகளில் கீறலும் கறையும் தேடுகிறோம். இனி அதைக் கேமராவே பார்க்குமாம்.

"நம்ம கழுத்துவலிக்கு நல்லதுதான் லா," என்றார் பக்கத்து மேசை பிரேமா அக்கா. இருபது வருஷத்துக்கு மேல் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். எல்லோரும் சிரித்தோம்.

29 ஜனவரி

சீனப் பெருநாள் லீவு. நிலா இல்லாத இரவு. பிரேமா அக்காவும் நானும் கரங்கான் போனோம், என் காடியை நான் ஓட்ட. செம்பனைத் தோட்டத்து ஓரம், லாரி திரும்புவதற்காக விட்டிருக்கும் வெட்டவெளி. தனியாக ஒரு பெண் அங்கே போய் நிற்க முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது, "நான் வரேன், எனக்கென்ன, வீட்ல இருந்தா டிவிதான்" என்றவர் அக்கா. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் வருகிறார், பிளாஸ்க் நிறைய இஞ்சித் தேநீரோடு.

"காட்டுப்பன்னி வந்தா நான் பார்த்துக்கிறேன். நீ மேல பாரு."

ஓரியன் நெபுலா எடுத்தேன். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் அடுக்கினால்தான் கண்ணுக்குத் தெரியாத நிறம் மேலே வரும். காடிக்குள் உட்கார்ந்தே லேப்டாப்பில் அடுக்கிக் காட்டினேன். இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை, ஓரத்தில் புகை மாதிரி.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். "இது இத்தன நாளா நம்ம தலைக்கு மேலயா இருந்துச்சு?"

பிறகு விரலால் ஒரு மூலையைத் தொட்டார். "இது நட்சத்திரமில்ல. உன் கேமரா கண்ணாடியில தூசி." தூசிதான்.

3 பிப்ரவரி

எஞ்சினியர் திவாகரன் என்னையும் பிரேமா அக்காவையும் கூப்பிட்டார். மெஷின் எடுக்கும் படங்களில் எது நல்லது, எது கழிவு என்று நாங்கள் குறித்துத்தர வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். எனக்குக் கேமராவும் கம்ப்யூட்டரும் பழக்கம். அக்காவின் கண் பெக்டரிக்கே தெரியும்.

திரும்பும்போது அக்காவுக்கு ஒரே குஷி. "ஸ்கூலு முடிக்காதவ நான். இப்ப டீச்சர் ஆயிட்டேன் பாரு."

20 பிப்ரவரி

நாள் முழுக்கத் திரை முன்னால். அக்கா சொல்ல, நான் குறிக்கிறேன். முடி மாதிரி ஒரு கீறல், எனக்குத் தெரியவே இல்லை. "நேரா பாக்காத, கொஞ்சம் தள்ளிப் பாரு" என்றார். மங்கலான நட்சத்திரத்தை நானும் அப்படித்தான் பார்ப்பேன். அதை அவரிடம் சொன்னேன், இருவருக்கும் சந்தோஷம்.

7 மார்ச்

திவாகரன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"அன்பு அக்கா, இது வெளிய போகக்கூடாது. மே மாசத்திலருந்து மெஷின்தான். பதினாறு பேர்ல மூணு பேர் இருப்பாங்க. உங்க பேர் இருக்கு."

"பிரேமா அக்கா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வயசு, கம்ப்யூட்டர் தெரியாதுன்னு மேல சொல்றாங்க. நான் பேசிப் பார்த்தேன் அக்கா. முடியல. நீங்க சொல்லிட்டீங்கன்னு தெரிஞ்சா உங்க இடமும் நிச்சயமில்ல."

அப்பாவின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. வாரம் மூன்று நாள் ஊசி, ஆஸ்பத்திரி. பெக்டரி மருத்துவ அட்டையில்தான் எல்லாம் ஓடுகிறது.

8 மார்ச்

சொல்லவில்லை.

15 மார்ச்

வீட்டுக்கு வரும் வழியில் காடியில் அக்கா சொன்னார். சுங்கைப்பட்டாணியில் தையல் கடை வைத்திருக்கும் அவர் சித்தி மகள் ஆள் தேடுகிறாள். ப்ளவுஸ் தைக்க அக்காவை நிரந்தரமாகக் கூப்பிடுகிறாள்.

"இங்க மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கிறத பாதியில விட்டுட்டுப் போறது நல்லாவா இருக்கும்? அவங்களுக்கு நான் வேணும்ல. நீ சொல்லு அன்பு. போகவா, வேணாமா?"

சிவப்பு விளக்கு. முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க இஷ்டம் அக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன்? போங்க என்று ஒரே ஒரு வார்த்தை. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. போங்க அக்கா, தையல் உங்களுக்குப் பிடிக்குமே — அவ்வளவு போதும். வாயில வரல. வரவே இல்ல.

29 மார்ச்

கரங்கான். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். தெற்கே செம்பனை மட்டைகளுக்கு மேல் கரீனா நெபுலா தாழ்வாக நின்றது. வானம் நகர நகர அடியிலிருக்கும் மோட்டார் கேமராவைத் திருப்பிக்கொண்டிருக்க, நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்தோம்.

"தங்கச்சிகிட்ட வரலன்னு சொல்லிட்டேன்," என்றார் அக்கா தேநீரை ஊற்றிக்கொண்டே. "கோவிச்சுக்கிட்டா. பரவால்ல."

கிளாஸை வாங்கிக்கொண்டேன். சூடு விரலைச் சுட்டது. அதற்குப் பிறகு என்ன சொல்வது?

படம் நன்றாக வந்திருக்கிறது. இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம். பார்க்கப் பிடிக்கவில்லை.

24 ஏப்ரல்

கூட்டம். ஆபீஸிலிருந்து வந்த அம்மாள் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். யாரோ அழுதார்கள். யாரெல்லாம் இருப்பார்கள் என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"இருக்கிறவங்களுக்கு மார்ச்லயே சொல்லியாச்சு."

அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது போல, கொஞ்சம் தள்ளி.

அக்காவைக் காடியில் அவர் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கேட் முன்னால் நிறுத்தினேன்.

"அன்னிக்கு நான் உன்கிட்டதான கேட்டேன்."

"அக்கா, நான்—"

"அப்பாவ நெனச்சிருப்ப. புரியுது."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். கத்தியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். புரியுதாம். என்ன புரியுது? எனக்கே புரியலயே.

10 மே

தையல் கடையில் வேறு ஆள் சேர்ந்துவிட்டதாம். பெக்டரி கேன்டீனில் காதில் விழுந்தது.

21 ஜூன்

அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் நளினி கதவருகில் நின்றாள். "அம்மா தூங்குறாங்க அக்கா." உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அக்காவின் இருமல். வாங்கிப்போன பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

26 ஜூலை

தனியாகவே கரங்கான் போனேன். பால்வெளி தோட்டத்துக்கு மேல் நெட்டுக்குத்தாக நின்றது, ஒரு துண்டு மேகம் இல்லை. வருஷத்தில் இப்படி இரண்டு மூன்று இரவு கிடைத்தால் பெரிது.

காடிக் கதவைத் திறக்கப் பயம். மட்டை விழும் சத்தத்துக்கெல்லாம் திரும்பிப் பார்த்தேன். ஒரு மோட்டார்சைக்கிள் கடந்து போய், கொஞ்சம் தள்ளி நின்று, பிறகு போனது. பூட்டிய காடிக்குள் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகவே பார்த்தேன். திரும்பிவிட்டேன்.

நட்சத்திரப் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் புதுத் தொலைநோக்கி வாங்கியிருக்கிறார். வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்த் தூங்கினால் போதும், தேடுவது, எடுப்பது, அடுக்குவது எல்லாம் அதுவே செய்கிறதாம். அதற்குத் துணைக்கு ஆள் வேண்டாம்.

2 செப்டம்பர்

சந்தேகம் வரும் படங்களை மட்டும் மெஷின் எனக்கு அனுப்பும். முதலில் நாளெல்லாம் வரும். இப்போது நின்று நின்று வருகிறது.

இன்று ஒன்றை அது சந்தேகப்படாமலே கழித்தது. எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன் — முடி மாதிரி, அந்த மெல்லிய கீறல். பதினாறு பேரில் இதைக் கண்டுபிடிக்கிறவர் ஒருவர்தான்.

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

20 அக்டோபர்

தீபாவளி. போன வருஷம் அக்கா வீட்டில் சாப்பாடு. இன்று அவருக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

அப்பாவுக்கு இந்த மாதம் பரவாயில்லை. இட்லி கேட்டுச் சாப்பிட்டார்.

13 நவம்பர்

துப்புரவு வேலையை வேறு கான்ட்ராக்டருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்று முதல் புது ஆட்கள், பச்சைச் சட்டை, தலையில் துணித்தொப்பி. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நனைந்த மாப்பின் வாசனை பக்கத்தில் வந்து நின்றது. நிமிர்ந்தேன்.

இளைத்திருந்தார். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். "அக்கா..."

"உக்காருங்க மேடம்," என்றார். "கால மட்டும் கொஞ்சம் தூக்குங்க."

அவர்களுடைய சூப்பர்வைசர் பின்னால் நின்றான். அதனால்தான் அப்படிச் சொன்னாரா? இருக்கலாம். தெரியவில்லை.

உட்கார்ந்தேன். காலைத் தூக்கிக்கொண்டேன். மேசைக்குக் கீழே இரண்டு முறை துடைத்துவிட்டு, மெஷின் பக்கம் போனார்.