துணிக்குள் இருந்தவள்

டிசம்பர் 27, சனி

இன்றும் பருப்பும் பூசணிக்காயும். மகன் அருண்ராஜ் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறான். விரதம் அவனுக்கு, தண்டனை எனக்கு. போன வருடம் பேத்தி டெங்கு வந்து ஐசியூவில் கிடந்தபோது வேண்டிக்கொண்டான். குழந்தை பிழைத்துவிட்டாள். வேண்டியவன் செலுத்தட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தேக்கா மார்க்கெட்டில் சிநேகிதன் ஜலாலுதீனோடு உட்கார்ந்து நான் ஒரு கிண்ணம் மட்டன் சூப் குடித்தால் முருகனுக்கு என்ன வந்துவிடும்?

"வெளிய சாப்பிட்டாலும் அதே வயித்தோடதானேப்பா வீட்டுக்குள்ள வருவீங்க?" என்கிறான்.

டிவி சத்தம் கூடாது. செய்தித்தாளில் இறந்தவர்கள் பக்கத்தைக்கூட மருமகள் வித்யா எடுத்து ஒளித்து வைத்துவிடுகிறாள். எழுபத்து நான்கு வயதில் நான் அதிகம் தேடிப் படிக்கும் பக்கமே அதுதான்.

டிசம்பர் 30, செவ்வாய்

முதலில் நல்லதை எழுதிவிடுகிறேன்.

தேக்காவில் ஜலாலுதீன் இல்லை. கண் பரிசோதனைக்குப் போயிருந்தான். மழை வேறு. வந்த பஸ்ஸில் ஏறி, நகரத்தில் அந்தப் பெரிய அருங்காட்சியகத்தின் வாசலில் இறங்கினேன். உலகத்தின் பழைய நாகரிகங்கள், எல்லோருக்கும் இலவசம் என்று பலகை. எதற்காவது பணம் கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். யாரும் கேட்கவில்லை. குடைக்கு ஒரு பிளாஸ்டிக் உறைகூடக் கொடுத்தார்கள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் நானாகப் படித்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில், சரக்கு வரும்வரை மேலே கூண்டுக்குள் பழைய பேப்பரையும் அகராதியையும் வைத்துக்கொண்டு கற்றது. அதனால் எந்த அட்டையையும் படிக்காமல் தாண்டுவதில்லை. மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். எதற்கு வருகிறார்களோ.

ஒரு செங்கல் பார்த்தேன். ஈராக் பக்கத்தில் செய்தது. காயப் போட்டிருந்த ஈரச் செங்கல்மேல் ஒரு நாய் நடந்து போயிருக்கிறது. நாலு விரல் தடமும் அப்படியே. நாலாயிரம் வருடம்! அந்த நாயை எவனாவது கல்லால் அடித்திருப்பானா? அதே செங்கலை எப்படிச் சுவரில் வைத்தான்? தடம் வெளியே தெரிய வைத்தானா, உள்ளே மறைத்தா? அட்டையில் அது இல்லை. நின்று நின்று கால் மரத்துவிட்டது.

கடைசியில் வெளிச்சம் குறைந்த ஓர் அறை. எகிப்து. கண்ணாடிக்குள் ஒரு பெண். தலை முதல் கால் வரை துணி சுற்றியிருந்தது. வயது நாற்பது இருக்கலாம் என்று போட்டிருந்தார்கள். பெயர் தெரியவில்லையாம். பெட்டி வேறு யாருக்கோ செய்தது. பெயரைச் சுரண்டிவிட்டு இவளை வைத்திருக்கிறார்கள். ரொம்பச் சின்ன உருவம். எப்படிக் கெடாமல் வைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

இனி கெட்டது. சாப்பிடும்போது இதையெல்லாம் ஆசையாகச் சொன்னேன். அருண்ராஜ் கையை உதறிவிட்டு எழுந்தான்.

"பொணத்தைப் பார்த்துட்டு வந்து என்கூட உட்கார்ந்து சாப்பிடுறீங்களா?"

"பொணம் இல்லடா. பொருள். நம்பர் போட்டு வச்சிருக்கான்."

"மனுஷிதானே?"

"செத்து ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஆச்சு! அழ ஒரு ஆள் இல்லாத சாவுக்குத் தீட்டு ஏதுடா?"

வித்யா நடுவில் வந்தாள். "மாமா, ஒரு பக்கெட் தண்ணி ஊத்திட்டு வந்துடுங்க லா. அஞ்சு நிமிஷம். ப்ராப்ளம் முடிஞ்சுது."

முடியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"உங்கம்மா போனப்ப அவ மூஞ்சியப் பார்த்துட்டு வந்து குளிக்க எனக்குக் கொடுத்து வைக்கல. நீ மட்டும் பார்த்தே, நீ மட்டும் குளிச்சே. இப்ப எவளோ ஒருத்திக்கு நான் குளிக்கணுமா?"

நான் குளிக்காமலே படுத்தேன்.

இதை இதுவரை எந்த நோட்டிலும் எழுதியதில்லை. என் மனைவி பஞ்சவர்ணம் போனது இரண்டாயிரத்து இருபத்தொன்றில், கொரோனாவில். அவள் ஒரு ஆஸ்பத்திரி, நான் வேறு இடம், எனக்கும் அதே காய்ச்சல். எல்லாவற்றையும் அருண்ராஜ்தான் மண்டாய் சுடுகாட்டில் முடித்தான். நான் வெளியே வந்தபோது சாம்பலும் கடலுக்குப் போயிருந்தது. எனக்காகக் காத்திருக்க முடியாதாம். சட்டமாம்.

டிசம்பர் 31, புதன்

அருண்ராஜ் பாயைச் சுருட்டிக்கொண்டு குவீன்ஸ்டவுனில் நண்பன் ஜெய் வீட்டுக்குப் போய்விட்டான். தைப்பூசம் வரை அங்கேதானாம். "அப்பா என் காவடி கூட நடக்க வேண்டாம்னு சொல்லிடு" என்று வித்யாவிடம் சொல்லியிருக்கிறான். நானா கெஞ்சினேன்?

ஜனவரி 3, சனி

ஜலாலுதீனிடம் நியாயம் கேட்டேன்.

"நீ என்ன, சாமி இல்லைங்கிற ஆளா?"

"இல்ல."

"அப்புறம் குளிக்க என்னய்யா கேடு? வேர்வை நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது."

"விளையாடாதே. உங்கள்ல எப்படி?"

"எங்கள்ல மய்யித்தைத்தான் குளிப்பாட்டுவோம். பார்த்தவன் குளிக்கணும்னு இல்ல."

"பார்த்தியா, நான் சொன்னது சரி!"

"சரிதான். உன் மகன்கிட்ட போய் என் பேரைச் சொல்லு, காவடியை என் தலையிலேயே இறக்குவான்." தேநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்: "அது சரி, அந்தப் பொம்பளைய யாரு குளிப்பாட்டினா?"

எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை இவன் கேட்டுவிட்டானே என்று வழியெல்லாம் எரிச்சல்.

ஜனவரி 6, செவ்வாய்

மறுபடி போனேன். ஜலாலுதீனுக்குப் பதில் கொண்டுவரத்தான்.

குளிப்பாட்டியிருக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீரிலும் கள்ளிலும். பிறகு வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதை எடுத்து, ஒருவகை உப்பில் மூடி வைத்து உலர்த்தி, அதற்கப்புறம்தான் துணி. படித்தவுடன் எனக்குக் கருவாடு ஞாபகம் வந்தது. தப்புதான். வந்துவிட்டது.

பக்கத்து அட்டையில் ஒன்று. பழைய கிரேக்கர் ஒருவர் எழுதி வைத்ததாம். உடம்பைக் கிழிப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு. கிழித்த மறுகணம் அவன் ஓட வேண்டும். சுற்றி நிற்பவர்கள் கல்லை எடுத்து அவன்மேல் எறிந்து, சாபம் போட்டுத் துரத்துவார்கள். அவர்களே கூப்பிட்ட ஆள்! அவர்களே சொன்ன வேலை!

அங்கே அனம் என்று ஓர் அம்மா, சம்பளம் வாங்காமல் வழிகாட்டுகிறவர். இதெல்லாம் உண்மையா, அவர்களும் செத்தவர்களைக் கண்டு பயந்தார்களா என்று கேட்டேன். "அந்தக் கிரேக்கர் மிகைப்படுத்தியும் எழுதியிருக்கலாம்" என்றார். "ஆனால் செத்தவர்மேல் ஆசையும் இருந்தது, உடம்பைத் தொடக் கூச்சமும் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில்தான்" என்றார். இந்தப் பெண்ணைத் துணியைப் பிரிக்காமல் ஸ்கேன் எடுத்த படத்தையும் காட்டினார். பற்கள் எல்லாம் தேய்ந்திருந்தன. கீழ்ப்பல் ஒன்றின் அடியில் சீழ் கட்டி, எலும்பு ஓட்டையாகியிருந்தது. அந்த ஊர் ரொட்டியில் மணல் கலந்திருக்குமாம். மென்று மென்று தேய்ந்துவிடுமாம்.

அப்படியென்றால் ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது கிராம்பு மாதிரி ஏதோ வைத்துக் கொடுத்திருப்பார்கள். பிள்ளைகள் இருந்தால் அன்றைக்கு அவர்களுக்கு அடி விழுந்திருக்கும்.

நான் "பொருள்" என்று சொன்னேன். பொருளுக்குப் பல் வலிக்காது.

ஜனவரி 7, புதன்

இதை அருண்ராஜிடம் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

துணி எடுக்க வந்தான். தாடி வளர்ந்து, முகம் ஒட்டிப்போயிருக்கிறது. வாசலைத் தாண்டவில்லை. வித்யா பையைக் கொண்டுவந்து கம்பிக் கதவுக்கு வெளியே நீட்டுகிறாள், ஏதோ ஜெயிலுக்கு மனு பார்க்கப் போனவள் மாதிரி. ஈசூனில் எங்கள் அடுக்குமாடி பிளாக்கே பார்க்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

"உள்ள வாடா. நான் ஒன்னும் பார்க்கல. மூஞ்சியே தெரியல, முழுக்கத் துணி. மூஞ்சியப் பார்க்காத சாவு ஒரு சாவா?"

அவன் பையைக் கீழே வைத்தான்.

"மூஞ்சியப் பார்க்கலன்னா சாவு இல்லையாப்பா? அப்ப அம்மாவுக்கு நான் எதைப் பார்த்தேன்னு நினைச்சீங்க?"

பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன சொன்னான்? எதைப் பார்த்தான் என்றால்? பார்த்தானா, இல்லையா?

ஜனவரி 12, திங்கள்

வித்யாவிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இல்ல மாமா. அவரும் பார்க்கல. பையில போட்டு சீல் பண்ணிட்டாங்க. திறக்கவே கூடாதுன்னு ரூல். தள்ளி நின்னு பெட்டியத்தான் பார்த்தாரு. எங்க யாரையும் விடல. அவர் ஒருத்தர்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வந்த அன்னைக்கே 'நீ பார்த்துட்டே, நான் பார்க்கல'ன்னு கத்துனீங்க. அப்புறம் எப்படிச் சொல்வாரு? ஒரு தடவை 'என்னடா நடந்துச்சு'ன்னு கேட்டீங்களா மாமா?"

பெரியவர்களிடம் பேசும் முறையா இது? எழுந்து வந்துவிட்டேன். நாலு வருடமாக ஒன்றை நிச்சயம் என்று வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறேன். அட்டை படிக்காமல் தாண்டுகிறவர்களை நான் என்னவெல்லாம் சொன்னேன்.

ஜனவரி 20, செவ்வாய்

மூன்றாவது தடவை. வேறு எந்த அறைக்கும் போகவில்லை. அவள் பக்கத்தில் பெஞ்சு இருக்கிறது, அதில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து "ஈஈ" என்று கத்திவிட்டுப் போனார்கள். துணியைக் குறுக்கும் நெடுக்குமாக எவ்வளவு ஒழுங்காகச் சுற்றியிருக்கிறார்கள்! கழுத்துக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் மடிப்பு கோணலாக இருக்கிறது. சுற்றியவனுக்குக் கை தளர்ந்ததா, அவசரமா, கண் மறைத்ததா? யாராவது ஒருவர் கூட நின்றிருப்பார், அவளுடைய பெயர் தெரிந்தவர்.

திரும்பி ஈசூனில் இறங்கியபோது குளிக்கவேண்டும் போலிருந்தது. யாரும் சொல்லி அல்ல. ஒரு மனுஷி செத்த இடத்துக்குப் போய்வந்தால் செய்வதை, இவளுக்கு மட்டும் செய்யாவிட்டால், நானும் அவளுக்கு நம்பர் போட்டவன் ஆகிவிடுவேன். ஆனால் வீட்டில் குளித்தால் வித்யா பார்ப்பாள். ராத்திரியே குவீன்ஸ்டவுனுக்குச் செய்தி போய்விடும்: அப்பா இறங்கி வந்துட்டாரு.

நீச்சல் குளத்துக்குப் போனேன். வழியில் ஒரு துண்டு வாங்கினேன். ஷவரில் நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டு, உடுத்தி, நேராக வெளியே வந்தேன்.

"அங்கிள், நோ ஸ்விம்மிங் ஆ?" என்று கேட்டான் வாசலில் இருந்தவன்.

தண்ணீர் ரொம்ப ஆழம் என்றேன்.

ஜனவரி 21, புதன்

துண்டை வித்யா கண்டுபிடித்துவிட்டாள். மழை என்றேன். "ஈசூன்ல மழையே இல்லையே மாமா" என்றாள். துண்டை மோந்து பார்த்தாள். குளோரின். சிரிக்கவில்லை, ஆனால் மத்தியானம் எனக்கு மட்டும் அப்பளம் கூடுதலாக வந்தது.

"அவன்கிட்ட மட்டும் சொன்னே..." என்றேன்.

"நான் ஏன் சொல்றேன்?"

சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்

யாரும் கூப்பிடவில்லை. முதல் ரயிலில் போனேன். சிராங்கூன் ரோட்டில் பெருமாள் கோவிலுக்குள் நெருக்கித்தள்ளும் கூட்டம். அவனுக்கு அலகு குத்திக்கொண்டிருந்தார்கள். வித்யா என்னைப் பார்த்ததும் தன் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டில் பையை என்னிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அவன் கண்ணைத் திறந்தபோது முன்னால் நான்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை; நாக்கில் வேல் இருந்தது. தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்தான். நெற்றியில் திருநீறு வைத்துவிட்டேன்.

டேங்க் ரோட்டு முருகன் கோவில் வரை கூடவே நடந்தேன். பாதியில் பஸ் ஏறிக்கொள்ளும்படி ஜெய் சொன்னான். நீ ஏறிக்கொள் என்றேன். கோவிலில் எல்லாம் இறக்கியபிறகு, அருண்ராஜின் குரல் கரகரத்து வந்தது.

"கால் வலிக்குதாப்பா?"

"இல்ல. உனக்கு?"

"இல்ல."

இரண்டு பேரும் சொன்னது பொய்.

பிப்ரவரி 4, புதன்

இடும்பன் பூஜை முடிந்தது, அதோடு விரதமும். அருண்ராஜ் பாயோடு வீட்டுக்கு வந்துவிட்டான். வித்யா பேத்தியைக் கூட்டிக்கொண்டு மீன் வாங்கப் போயிருந்தாள். நாங்கள் இருவரும் மட்டும்.

கேட்டேன். "அன்னைக்கு என்னடா நடந்துச்சு? முதல்ல இருந்து சொல்லு."

என்னைப் பார்த்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். நான் குறுக்கே பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த நேரம், வேனுக்குப் பின்னால் டாக்சியில் போனது, டாக்சிக்காரர் காசு வாங்க மறுத்தது. முகத்தை மட்டும் திறக்க முடியுமா என்று இவன் கேட்டிருக்கிறான். உடம்பெல்லாம் மூடிய உடுப்பில் நின்ற ஆள் தலையைக் குனிந்துகொண்டு முடியாது என்றாராம். அவளுடைய பச்சைப் பட்டுச் சேலையைக் கொண்டுபோயிருக்கிறான். கட்டிவிடத்தான் முடியாது, பெட்டிமேல் விரிக்கலாமா என்று கேட்டானாம். அந்த ஆள் இவனிடமிருந்து வாங்கி, தானே விரித்திருக்கிறார். ஓர் ஓரம் கோணலாகக் கிடந்ததாம். தள்ளி நின்றதால் இவனால் சரிசெய்ய முடியவில்லை. "அதேதான்பா கண்ணுல நிக்குது" என்றான்.

அந்தச் சேலையை நான் அலமாரியில் எத்தனை முறை தேடியிருப்பேன். வித்யா யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

வேறு பலவும் சொன்னான். அவை இங்கே வேண்டாம்.

முடிந்ததும் அவன் எழுந்து போய்க் குளியலறை ஹீட்டரைப் போட்டான்.

"நீங்க முதல்ல போங்கப்பா. அப்புறம் நான்."

போனேன். சூட்டை அதிகமாக வைத்துவிட்டிருந்தான். குறைக்கச் சொல்லவில்லை.