மாதா கோயிலின் இரண்டாம் கடிகாரம்

என் அண்ணனுக்கு,

எல்லோரும் தூங்குகிறார்கள். இருட்டில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ கப்பலிலிருந்து வந்த மாலைகளில், நம் ஊர்ப் போட்டாதாங் துறையில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா தின்றபடி மால்ட்டா தீவைப் பற்றிச் சொன்னதெல்லாம் நினைவுக்கு வருகிறது. கூட வந்தவர்கள் துறைமுகத் தெருவிலேயே கிடக்க, நீ மட்டும் ஊர் ஊராக நடந்தாயாம். வெறும் பாறையில் பதிந்த பழைய வண்டித்தடங்கள். ஒருவன் பேசினால் சுவரெல்லாம் முழங்கும் பாதாள அறை. ஒரு கிராமத்து மாதா கோயிலில் இரண்டு கடிகாரங்கள்; ஒன்றில் சரியான நேரம், மற்றதில் பிசாசை ஏமாற்றப் பொய் நேரம்.

“பிசாசுக்கு மணி பார்க்கத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“உன்னைவிட நல்லாத் தெரியும்டி” என்றாய்.

விடிகாலைக் கப்பலில் என்னை மதராஸுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே கல்யாணம். “படிச்சுக் கிழிச்சது போதும். மாப்பிள்ளை நரைக்கு மை பூசிக்கிட்டுக் காத்திருக்கார்” என்று அத்தை சிரிக்கிறாள். “நாலு அடிச்சதும் கிளம்பணும், கப்பல் நிக்காது” என்றார் அப்பா. சனிக்கிழமை நீ வந்துவிட்டால் அவரிடம் பேசுவாய். அதுவரை நான் இங்கே இருக்க வேண்டும்.

அதனால் எல்லோரும் படுத்ததும் கூடத்துக் கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்தினேன். வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி ஆட்டிவிட்டேன். கோயிலிலேயே வைக்கிற பொய் பாவமாகாது, இல்லையா அண்ணா? தந்திரம் பலிக்காவிட்டால் அடுத்த வீட்டு அமலி இதை உன்னிடம் தருவாள்.

பிக்குகள் மடத்தில் விடியல் மணி கேட்கிறது. நம் கடிகாரம் இப்போதுதான் மூன்று அடித்தது. அப்பா புரண்டு படுத்து, “இன்னும் நேரமிருக்கு” என்றார்.

உன் தங்கச்சி