ஒன்றரை கோல் விட்டுக்கொடுத்த மாமா

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் லாய் வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? இறால் குட்டையில் உப்பு ஏறிவிட்டதா?

கன் தோ நகரில் நான் நலமே. ஒரு சின்னச் செய்தி. இதற்காக லொக் மாமாவைத் திட்டாதீர்கள். சனிக்கிழமை மாமாவோடு காபிக் கடையில் கால்பந்து பார்த்தேன். அவர் பந்தயம் கட்டிய அணி ஒரு கோல் அடித்து ஜெயித்தது. எதிரணி ஒன்றும் அடிக்கவில்லை. நான் கைதட்டினேன். மாமா அசையவே இல்லை.

“நம்ம அணிதானே மாமா ஜெயிச்சுது?”

“ஜெயிச்சாப் போதாதுடி. பலமான அணின்னு ஒன்றரை கோல் விட்டுக்குடுத்துல்ல கட்டினேன். ரெண்டு கோல் வித்தியாசம் வேணும்.”

கடைக்கார ஹன் அக்கா சிரித்தார். “படிப்பாளிப் பொண்ணே, நீயே கழிச்சுப் பாரு. ஒண்ணுல ஒன்றரை போனா, மாமாவோட பைக்கும் போச்சு.”

நோட்டில் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

புத்தாண்டுக்கு என்னை ஊருக்கு அழைத்து வரவிருந்த பைக் அது. பேருந்துகளில் இடம் எப்போதோ தீர்ந்துவிட்டது. பரவாயில்லை, எல்லோரும் ஊருக்குப் போனபின் விடுதியில் சத்தமே இருக்காது, நன்றாகப் படிக்கலாம். சமையலறையைப் பூட்டிவிடுவார்களாம். காய்ந்த இறால் கொஞ்சம் அனுப்புங்கள். என் போர்வையையும் அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

பண்டிகைக்கு வாழையிலையில் அரிசி வைத்துக் கட்டும் பான் டெட்டில் ஒரு ஜோடியை மட்டும் வெட்டாமல், கயிற்றைப் பிரிக்காமல் அடுப்படியில் தொங்கவிடுங்கள். நாங்கள் எப்போது வந்தாலும் ஒன்று எனக்கு, ஒன்று மாமாவுக்கு. அவரும் இங்கேதான் இருக்கிறார்; என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன்.

உங்கள் லாய்