கடையில் வாங்கிய கம்மல்

என் அருமை நைனாவுக்கு,

நீங்கள் போன பிறகாவது உங்களை நிம்மதியாக விடுவார்கள் என்று நினைத்தேன். இங்கே லண்டனில் உங்களைத் திருடனாக்கிவிட்டார்கள். வேறு யாரிடம் போய்ச் சொல்ல? உங்களிடமே சொல்கிறேன்.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுப் பக்கம் நூலகத்தில் ஒரு சின்னக் கண்காட்சி. கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தங்கம் தேடி ஓடினவர்கள், கிடைத்ததைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பிய கதை. கடிதத்தின் மடிப்புக்குள் ஒரு சிட்டிகைத் தங்கப்பொடி வைப்பார்களாம். கொஞ்சம் அதிகம் கிடைத்தவன் தோல்பையில் போட்டு, வாயைத் தைத்து, அரக்கு வைத்துக் கப்பலேற்றுவானாம். நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. அவன் தோண்டினான், அவனுக்குச் சொந்தம், அவன் பெண்டாட்டிக்கு அனுப்பினான்.

கண்காட்சியை நடத்தும் வெள்ளைக்கார அம்மா, "உங்கள் அப்பாவும் தங்கச் சுரங்கத்தில் இருந்தவராமே, ஏதாவது பொருள் கிடைக்குமா?" என்று என்னிடம் கேட்டார். சுரங்கத்தில் உங்களுக்குக் கொடுத்திருந்த பித்தளை நம்பர் பில்லையை எடுத்துக் கொடுத்தேன். அத்தை கல்யாணத்துக்கு நீங்கள் தபாலில் கம்மல் அனுப்பியதையும் சொன்னேன். சனிக்கிழமை போய்ப் பார்த்தால், பில்லைக்குக் கீழே அட்டையில் எழுதியிருக்கிறது: இவரும் தான் வெட்டிய தங்கத்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்.

பக்கத்தில் மிட்சம் என்கிற இடத்திலிருந்து வசந்தி அக்காவும் என்னோடு வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் என்னோடு ஒரே வார்டில் வேலை. "ஏன் பிள்ளை முகம் கறுக்குது? நல்லாத்தானே எழுதியிருக்கினம்?" என்றார்.

எப்படிச் சொல்வேன் நைனா? எங்கள் தங்கவயலில், வெட்டிய தங்கத்தை வீட்டுக்கு அனுப்புகிறவனுக்குத் திருடன் என்றுதான் பெயர் என்று சொன்னேன். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், தலைமுடிக்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள் என்று சொன்னேன். இருமலைத் தவிர எதையும் நீங்கள் அந்தக் குழியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

அந்தக் கம்மல் கடைவீதியில், சீட்டுப் பணத்தில் வாங்கியது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டினீர்கள். இன்ஷூர் பார்சலாக அனுப்ப நீங்கள் தபால் ஆபீசில் நின்றபோது, சுரங்கத்துக்காரன் தங்கம் அனுப்புகிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போலீஸ்காரர்கள் வந்து பார்சலை உடைத்தார்கள். வீட்டில் அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்துத் தேடினார்கள். நகைக்கடைக்காரர் ஸ்டேஷனுக்கு வந்து "நான்தான் வித்தேன்" என்று சொல்லும்வரை உங்களை விடவில்லை. அதற்குள் அத்தையின் கல்யாணம் முடிந்துவிட்டது. யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்டார்களா? அதற்குப் பிறகு நீங்கள் நகைக்கடை வாசலை மிதிக்கவே இல்லை. நீங்கள் இருந்தவரை அம்மாவுக்கு மஞ்சள் கயிறுதான்.

இதையெல்லாம் அந்த வெள்ளைக்கார அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, இது பாராட்டுத்தானே என்றார். போலீஸ், கைது என்றெல்லாம் எழுதினால் வருகிறவர்களின் மனம் கனத்துப்போகுமாம். யாருடைய மனம்? பிறகு பெரிய மனது பண்ணி, "அனுப்பியிருக்கலாம்" என்று மாற்றிவிடட்டுமா என்றார். உங்களை உட்கார வைத்த இன்ஸ்பெக்டரும் அதையேதானே நைனா சொன்னார், எடுத்திருக்கலாம் என்று!

"ஏலாது!" என்று வசந்தி அக்கா சத்தம் போட்டார். "அந்த மனுசன் காசு குடுத்து வாங்கினது. அப்பிடியே எழுதச் சொல்லு!" அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் இரண்டடி பின்னால் போனார். போனவர் கேட்டார்: கடையில் வாங்கியதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?

இத்தனை வருஷம் கழித்து, இந்த ஊரில், அதே கேள்வி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே குடியாத்தத்தில் இருக்கும் அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அத்தை போனைக் காதுப் பக்கம் திருப்பினார். நரைத்த முடிக்கு நடுவில் அந்தக் கம்மல் தெரிந்தது.

"இத்தப் பார்க்கச் சொல்லும்மா. எங்கண்ணன் வாங்கி அனுப்பினது. மணவறையில வெறுங்காதோட ஒக்காந்தேன். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் கைக்கு வந்துச்சு. அன்னிக்குப் போட்டவ இன்னும் கழட்டல. எங்கண்ணனத் திருடன்னு எழுதினவங்க கையால அதக் கிழிக்கச் சொல்லு. கிழிக்கிறத நான் பார்க்கணும்."

நான் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அட்டையை எடுத்து, அத்தை பார்க்கக் கிழித்தார். "ஸாரி" என்று போனைப் பார்த்துச் சொன்னார். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது என்றாலும் அந்த வார்த்தை தெரியும். "என்கிட்ட ஏன் சொல்றாங்க? அண்ணன்கிட்ட சொல்லச் சொல்லு," என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம், நைனா. உங்களுக்குச் சேரவேண்டிய ஒரு ஸாரி லண்டனில் என் கைக்கு வந்தது, அனுப்பி வைக்கிறேன். ஊரில் பாக்கி வைத்தவர்களிடமும் கேட்டு வாங்குவேன். உங்களுக்காக இனி ஒருவரிடமும் ஆதாரம் காட்டமாட்டேன். இது சத்தியம்.

திருடாதவரின் மகள்,
செல்வி