தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு கட்டைகள்

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்குக் கோவித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். பகலில் போனை எடுத்தால் யாருக்கு என்று அத்தை கேட்பார்கள். உன் பேச்சு இந்த வீட்டில் எடுக்கக் கூடாது.

இன்று தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தது. நீ போனதிலிருந்து மாடிக் கதவுக்குப் பூட்டு. சாவி அத்தை இடுப்பில். இன்றுதான் திறந்தார்கள். வாளி கொடுக்கிற சாக்கில் நானும் ஏறினேன். தொட்டிக்குப் பின்னால் சாக்குக்குள் நம் கட்டைகள் இரண்டும் அப்படியே கிடந்தன. பிரித்ததும் கடலை எண்ணெய் வாசம். மரம் வெடிக்காமலிருக்க நீ தடவிய எண்ணெய். "ஆளு மூணு பேரு, எண்ணெய் மட்டும் எங்கன போகுதோ" என்று அத்தை மாசா மாசம் புலம்பியது நினைவு வந்து, எனக்கு அங்கேயே சிரிப்பும் வந்தது.

பிள்ளையைத் தூக்கித் தூக்கி எனக்குத் தலை பின்னக்கூடக் கை ஏறாமல் போனபோது, ஈரான்காரர்கள் சுழற்றும் கட்டையை நீதான் போனில் காட்டினாய். நம் ஊர்க் கர்லாக்கட்டை மாதிரிதான், ஆனால் ஒல்லி. கைப்பிடி மெலிந்து, மேலே போகப் போகப் பருக்கும். உன் வீட்டுக்காரர் அப்போது இன்னும் உன்னை உள்ளே வைத்து வெளியே பூட்ட ஆரம்பிக்கவில்லை. பாப்பாவுக்குத் தடுப்பூசி என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் மரம் கடைகிறவரிடம் போனோம். படத்தைப் பார்த்துவிட்டு அவர் தன் இஷ்டத்துக்கு உலக்கை கனத்தில் ஒரு ஜோடி கடைந்து வைத்தார்.

"லேசா இருக்கணும் அண்ணாச்சி. இது பாரசீகத்துக் கட்டை" என்றாய்.

"அங்கன சோத்துக்குப் பஞ்சமோ? இதைச் சுத்தி என்னத்த உடம்பு தேறப் போகுது?"

"தேற வேண்டாம். இவளுக்குத் தோள்பட்டை திரும்புனா போதும்."

முணுமுணுத்துக்கொண்டே மறுபடி இழைத்துக் கொடுத்தார்.

இருந்தது ஒரு ஜோடிதான். எங்கள் மாடியில் ஒருத்தி சுழற்றினால் ஒருத்தி பிள்ளையை வைத்திருக்க வேண்டும். நான் சுழற்றியதைவிடப் பயந்ததுதான் அதிகம். கை நழுவும், பாப்பா மண்டையில் விழும் என்று விரல் வெளுக்கிற அளவுக்குப் பிடிப்பேன். "ஏட்டி, இறுக்காத. கட்டை எங்கயும் ஓடிப் போவாது" என்பாய். ஒரு நாள் பொறுமை போய்விட்டது உனக்கு. "இங்கன பாரு. பிள்ளை என் கையில இருக்கு. உன் கையில கட்டை மட்டுந்தான் இருக்கு." பிரசவத்துக்குப் பிறகு என்னிடம் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றுதான் கட்டை தானாக முதுகுக்குப் பின்னால் இறங்கி, தானாகத் தோளுக்கு ஏறி வந்தது. ஒன்று பின்னால் போய்த் திரும்பும்வரை மற்றது நெஞ்சுக்கு முன்னே நிமிர்ந்து நிற்க வேண்டும். போனது வந்த பிறகுதான் நின்றது போகலாம். அந்த முறை பிடிபட எனக்கு வெயில் காலம் முழுவதும் ஆயிற்று.

பிறகு உன் வாசலில் பூட்டு விழுந்தது. நீ பக்கத்து மாடியிலிருந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி எங்கள் மாடிக்கு வந்தாய். முழங்கை மறைய ரவிக்கை போட ஆரம்பித்திருந்தாய்.

அன்று காலையில் நான் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். துணிப்பையோடு எங்கள் மாடிப்படியில் இறங்கி வந்தாய். செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாய். "வாரேன்ட்டி" என்றாய். தெருக்கடைக்குப் போகிறாய் என்று நினைத்துச் சரி என்றேன்.

சாயங்காலம் உன் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். "இந்த வீட்டு வழியாத்தான் போயிருக்கா. இவளுக்குத் தெரியாமலா?" பாப்பாவின் அப்பா மில் வேலை முடிந்து வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "நீயா அனுப்பி விட்ட?" அத்தை கேட்கவே இல்லை. பூட்டு வாங்கி வரச் சொன்னார்கள். "அவ போன வழி இவளுக்கும் தெரியும்லா."

தெரியும்தான்.

கட்டைகளை வாளிக்குள் துணி போட்டு மூடி இறக்கிவிட்டேன். இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. சுழற்றத்தான் இடமில்லை. இருக்கிற ஒரே அறையின் நடுவில் தூளி தொங்குகிறது. தூளியில் பாப்பா இருந்தால் கட்டை வீச முடியாது. தூளியை அவிழ்த்தால் பாப்பா என் இடுப்பில். அத்தை பால் வாங்கப் போன நேரத்தில் இரண்டையும் நெஞ்சுக்கு முன்னே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். பாப்பா தூளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். குனிந்து பார்த்தேன்: என் விரல்கள் இறுக்கவில்லை. நீ சொன்னபடி லேசாகத்தான் பிடித்திருந்தேன்.

முன்னே அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. இதுவும் நிற்கலாம். எந்த ஊர், யார் கூட என்றெல்லாம் எழுத வேண்டாம். எனக்குத் தெரிந்தால் என் வாயிலிருந்து பிடுங்கிவிடுவார்கள். நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி போதும். நெஞ்சுக்கு முன்னே நிற்கிற கட்டை மாதிரி நான் இங்கே நின்றுகொண்டிருக்கிறேன்.

சீக்கிரம் பதில் போடு.